சமாரியர் இறங்கி நடந்தார்

(பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறன்று காலை வானொலியில் ஒலித்த நற்செய்திச் சிந்தனை. கேட்கத் தவறிய நம் பங்கு மக்களுக்காக இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.)

நற்செய்தி: லூக்கா 10:25-37



இன்று நாம் கேட்கும் நற்செய்தி நல்ல சமாரியர் உவமை. மறைக்கல்வி வகுப்பில் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே கேட்ட கதை. குருவும் லேவியரும் விலகிப் போனதையும், சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டியதையும், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததையும் நாம் மறப்பதில்லை. ஆனால் நடுவில் ஒரு சிறு செயல் வருகிறது. அடிபட்டவரைச் சமாரியர் தாம் ஏறி வந்த விலங்கின்மேல் ஏற்றினார் என்று லூக்கா எழுதுகிறார். அதை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். இன்று அந்த இடத்தில் சற்று நிற்போம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை 25 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். வெயில், பாறை, கள்வர் பயம். அந்தப் பாதையில் சொந்தமாக ஒரு விலங்கு வைத்திருப்பவர் வசதியானவர்தான். அதில் இருப்பது ஓர் ஆள் அமரும் இடம். அந்த இடத்தைச் சமாரியர் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டார். அப்படியானால் அவர் என்ன செய்திருப்பார்? இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நடந்திருப்பார்.

தம் வாகனத்தை அவர் வெறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் அடிபட்டவரைச் சாவடி வரை கொண்டுபோயிருக்கவும் முடியாது. வாகனம் இருந்தது, அதில் யார் அமர வேண்டும், எப்போது தாம் இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்பானவர்களே, இதை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடந்த ஜூன் மாதம், உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை மறையுரையில், கார்மீது ஆசை கொண்டவர்களை நாங்கள் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம். மோகம் என்றோம், வீண் பெருமை என்றோம், பூமியைப் புகையாக்குகிறார்கள் என்றோம். திருப்பலி முடிந்து திருப்பண்ட அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் வந்து நின்றார். நம் பங்கைச் சேர்ந்தவர். பழைய பத்மினி கார் ஒன்றை எலும்புக்கூடாக வாங்கி, மூன்று ஆண்டுகள் சனிக்கிழமை தோறும் உழைத்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவர். முகம் வாடியிருந்தது.

“ஃபாதர், நீங்க பேசினது என்னைப் பத்தித்தானுங்க. என் வண்டி மாசத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடாதுங்க. வேலைக்கு நான் டவுன் பஸ்ஸுலதான் போறேன். ஒரு நிமிசம் வெளிய வாங்க, ஒண்ணு காட்டுறேன்.”

வெளியே அழைத்துப்போய்க் காட்டினார். மறைக்கல்வி வகுப்பு முடிவதற்காகப் பெற்றோர் காத்திருந்த நேரம் அது. கோயில் சுவரை ஒட்டி வரிசையாகக் கார்கள். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன, உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம், 18 கார்கள். வகுப்பு முடிய இன்னும் 20 நிமிடம் இருந்தது. அந்தப் புகைபோக்கிகளுக்கு நேர் எதிரே, கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பாட்டி தம் பேரப்பிள்ளையோடு அமர்ந்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு வீசிங் தொல்லை உண்டு என்பது பங்கில் எல்லாருக்கும் தெரியும். பாட்டி தம் முந்தானையால் பிள்ளையின் மூக்கை மூடிக்கொண்டிருந்தார்.

“இதுல யாருமே கார் பிரியர் இல்லைங்க ஃபாதர்,” என்றார் அந்த இளைஞர். “காரை நேசிக்கிறவன் இப்படி நிறுத்தி வச்சு எரிக்க மாட்டான்.”

எங்களிடம் பதில் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வரிசையின் கடைசியில் பங்கு இல்லத்தின் வண்டியும் நின்றுகொண்டிருந்தது. அடுத்த தெருவில் நோயாளி ஒருவருக்கு நன்மை கொண்டுபோவதற்காக ஓட்டுநர் முன்னதாகவே எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே குளிரச் செய்துகொண்டிருந்தார். நாங்கள் போக வேண்டிய தூரம் 600 மீட்டர்.

அந்த வழியே போன குருவைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கும்போது, அவர் வேறு யாரோ என்று இனி நாங்கள் நினைக்க முடியாது.

அன்பு நெஞ்சங்களே, அந்த இளைஞரிடம் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு லிட்டரின் எடையே முக்கால் கிலோதான் இருக்கும். புகை மட்டும் இரண்டு கிலோவைத் தாண்டுவது எப்படி என்று கேட்டோம். பெட்ரோலில் உள்ள கரி காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது என்று விளக்கினார். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 150 கிராம் விடுகிறது. ஏசி போட்டு நின்ற இடத்திலேயே ஓடும் சிறிய கார் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குடிக்கும். அப்படியானால் அன்று கோயில் சுவரோரம் அந்த 20 நிமிடத்தில் எரிந்தது சுமார் 6 லிட்டர். யாரும் ஓர் அடிகூட நகரவில்லை.

குறுகிய தூரப் பயணம் இன்னும் மோசம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் அதிகம் செலவாகும். புகையில் உள்ள நச்சை மாற்றும் கருவி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். பால் வாங்கவும், முனைக்கடைக்குப் போகவும், ஒரு கிலோமீட்டரில் இருக்கும் கோயிலுக்கு வரவும் காரை எடுக்கும்போது, அந்தக் கருவி விழித்துக்கொள்வதற்குள் நாம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். எஞ்சினுக்கும் அது கெடுதல். வண்டியை உண்மையாக நேசிப்பவர் அதை அப்படி எடுக்கத் தயங்குவார்.

கார் பந்தயங்களைப் பற்றியும் அந்த இளைஞர் ஒன்று சொன்னார். பந்தய உலகில் பெரிதாகப் பேசப்படும் ஃபார்முலா ஒன் அமைப்பு, தன்னால் ஏற்படும் மாசு எவ்வளவு என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டது. பந்தயக் கார்களின் எஞ்சின்கள் விடும் புகை மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சரக்குகளை நாடு நாடாக ஏற்றிச் செல்வதும், ஆட்கள் பறந்து திரிவதுமே பெரும்பங்கு. நம் கதையும் ஏறத்தாழ அதுவே. ஆசையோடு ஓட்டும் ஒரு மணி நேரத்தைவிட, யோசிக்காமல் ஓட்டும் மீதி நேரமே அதிகம் கெடுக்கிறது.

இதைச் சொல்வதால் கார் பிரியர்கள் யாவரும் குற்றமற்றவர் என்று ஆகிவிடாது. ஞாயிறு அதிகாலையில் நெடுஞ்சாலையில் உறுமிக்கொண்டு பறப்பவர்களும், பக்கத்து வீட்டாரின் கண்ணில் படுவதற்காகவே ஆண்டுக்கொரு வண்டி மாற்றுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஒரு பொருளின் அழகை ரசிப்பதும், அதன் உள்ளுறுப்புகளைப் புரிந்துகொள்வதும், கையில் கிரீஸ் பட உழைப்பதும் பாவம் அல்ல. விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தில், உலோகத்திலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யத் தெரிந்த பெட்சலேல் என்பவரை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்பினார் என்று வாசிக்கிறோம். கைத்திறன் இறைவனின் கொடை. அதை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் அடுத்த கேள்வி. மக்கள் அனைவரும் கூடும் கூடாரத்தை அமைக்கப் பயன்படுத்தினார்.

நம் கோவை மாநகருக்கு இது புரியாத செய்தி அல்ல. இது எஞ்சின்களின் ஊர். செட்டிபாளையத்தில் கரி பந்தயத் திடல் இருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2005-இல் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். எல்லாருக்கும் முன்னோடியாக ஒருவர் இருந்தார், ஜி.டி. நாயுடு. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்து, கோவையில் உணவு விடுதியில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தவர். அவரைவிடப் பெரிய வண்டிப் பிரியரை இந்த மண்ணில் காட்ட முடியாது. அந்த ஆசை அவரை எங்கே கொண்டு சேர்த்தது? 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். ஒற்றைப் பேருந்து வளர்ந்து பெரிய பேருந்து நிறுவனமானது. அவர் தொடங்கியது பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து அமரும் வண்டி என்பதைக் கவனியுங்கள். எஞ்சின்மீது கொண்ட காதல், பலரும் அமரும் இருக்கையாக மாறியது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களிடமும் இதையே காண்கிறோம். புவனோஸ் ஐரஸ் நகரின் பேராயராக இருந்தபோது அவர் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் பயணம் செய்தார். திருத்தந்தையான பிறகு, 2017 நவம்பரில், லம்போர்கினி நிறுவனத்தார் வெள்ளை நிறக் கார் ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதை ஏளனம் செய்யவில்லை. ஆசீர்வதித்தார், அதன்மேல் கையெழுத்திட்டார், ஏலத்துக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அது 7 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடிழந்த கிறிஸ்தவர்கள் திரும்பிக் குடியேறுவதற்கான பணிக்கும், வேறு இரக்கப் பணிகளுக்கும் அந்தத் தொகை போய்ச் சேர்ந்தது. அழகான வாகனம், அதன் இருக்கையில் அடிபட்டவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

அவர் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் 2015-இல் வெளிவந்தது. நகரங்களில் ஓரிருவர் மட்டும் அமர்ந்து செல்லும் கார்கள் பெருகுவதால் நெரிசலும் மாசும் எரிபொருள் விரயமும் கூடுவதை அதன் 153-ஆம் பத்தி சுட்டிக்காட்டுகிறது. பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துவதையும், ஒரே காரில் பலர் சேர்ந்து செல்வதையும் அன்றாட வாழ்வின் நற்செயல்களாக 211-ஆம் பத்தி எண்ணுகிறது. 2025 ஜூலை 9-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ, படைப்பைப் பேணுவதற்கென அமைக்கப்பட்ட புதிய திருப்பலியைக் காஸ்தல் கந்தோல்ஃபோவில் நிறைவேற்றினார். எனவே இது சூழலியல் ஆர்வலர்களின் தனி விருப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. திருச்சபை தன் மன்றாட்டிலேயே சேர்த்துக்கொண்ட காரியம் இது.

ஏன் இவ்வளவு அக்கறை? 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 100 குடும்பங்களில் ஏழெட்டுக் குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. மீதி 92 குடும்பங்கள் நடக்கின்றன, சைக்கிள் மிதிக்கின்றன, இரு சக்கர வண்டியில் போகின்றன, பேருந்துக்குக் காத்து நிற்கின்றன. நம் கண்ணாடி ஏற்றியிருக்கும். புகை அவர்கள் மூச்சில் கலக்கும். பருவமழை பொய்த்தாலும், ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும், முதலில் அடிபடுவது அவர்கள் வீடுதான். எரிகோ சாலையில் கிடந்தவரை அடித்தவர்கள் கள்வர்கள். நம் சாலையோரத்தில் மூச்சுத் திணறும் பிள்ளையை யாரும் வேண்டுமென்று அடிக்கவில்லை. நாம் நம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தோம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று சட்ட அறிஞர் கேட்ட கேள்விக்கு, நம் கோயில் வாசலில் பதில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே இன்னொரு குரலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பங்கில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் கேட்டார்: “கார் ஓட்டாதீங்கன்னு நீங்க சொன்னா, எங்க அடுப்பு எப்படிங்க சாமி எரியும்?” நேர்மையான கேள்வி. பிரேக், பம்பு, பேரிங் எல்லாம் பேருந்துக்கும் வேண்டும், ரயிலுக்கும் வேண்டும் என்று ஒரு பதில் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்து வருவதால் எந்தத் தொழிற்சாலையும் மூடப்படாது என்றும் சொல்லலாம். ஆனால் எஞ்சின் போய் மின்சார மோட்டார் வரும் காலத்தில் சில பாகங்களுக்கு வேலையே இருக்காது என்ற அவர் பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு எங்களிடம் எளிய பதில் இல்லை. பூமியைக் காக்கும் செலவை ஏழைத் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறோம். அவர்கள் பிள்ளைகள் புதிய தொழில்நுட்பம் கற்கப் பங்கின் கல்வி உதவி நிதியில் முன்னிடம் தர வேண்டும் என்று பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறோம்.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகைக்குழாய் இல்லாத வண்டி கோயில் வாசலில் நிற்பது நல்லதுதான். மெழுகுவர்த்திப் பாட்டிக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நான்கு பேர் அமரும் வண்டியில் ஒருவர் மட்டும் போனால், அது எதில் ஓடினாலும் சாலையில் அதே இடத்தை அடைக்கும். எந்த வண்டி என்பதோடு, எத்தனை முறை, எத்தனை பேர் என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்பு இறைமக்களே, இனி நாம் செய்யக்கூடியவை.

முதலாவது, கோயில் வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவோம். இது இன்றே முடியும். செலவு ஒன்றும் இல்லை. அந்த இளைஞரும் அவர் நண்பர்களும் மறைக்கல்வி முடியும் நேரத்தில் வரிசையில் வந்து கண்ணாடியைத் தட்டிப் பணிவாகச் சொல்வார்கள். கோபிக்காதீர்கள். மர நிழலில் நாற்காலிகள் போட்டு வைக்கிறோம். வெளியே வந்து அமருங்கள். பக்கத்தில் நிற்கும் காரில் இருப்பவர் யார் என்று இத்தனை நாளும் தெரியாமல் இருந்திருக்கும்.

இரண்டாவது, வருகிற ஆகஸ்ட் 3 முதல், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நடை ஞாயிறு. ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் நடந்து வருவோம். தொலைவில் இருப்பவர்கள் பேருந்திலோ சைக்கிளிலோ சேர்ந்தோ வருவோம். கணக்கு சிறியதுதான்: போக வர 4 கிலோமீட்டர் காரில் வரும் ஒரு குடும்பம் ஆண்டின் 52 ஞாயிறுகளில் சுமார் 14 லிட்டர் எரிக்கிறது, 30 கிலோவுக்கு மேல் புகை விடுகிறது. நூறு குடும்பங்கள் என்று பெருக்கிப் பாருங்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நாள்கணக்கில் நடக்கும் மக்கள் நாம். நடப்பதையே செபமாக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் பாரமாக இருக்காது.

மூன்றாவது, நடக்க முடியாத முதியோரையும் நோயாளிகளையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்கட்டும். கார் வைத்திருப்பவர்கள் காலி இருக்கையை அவர்களுக்குக் கொடுக்கட்டும். நான்கு கார்கள் தனித்தனியே வருவதற்குப் பதில், நிறைந்த ஒரு கார் வரட்டும். கார் பிரியர்களே, இந்தப் பணியில் நீங்கள் முன்னிற்க வேண்டும். அந்தப் பழைய பத்மினியில் மூன்று பாட்டிகள் கோயிலுக்கு வந்து இறங்கினால், அந்த வண்டிக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

நான்காவது, எங்கள் பங்கு. பங்கு எல்லைக்குள் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான தூரத்தில் இருக்கும் நோயாளிகளைச் சந்திக்க இனி நாங்கள் நடந்தே வருவோம். அவசர நேரத்தில் மட்டும் வண்டி வரும். கடந்த மூன்று வாரங்களாக முயன்று பார்த்தோம். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது உண்மைதான். ஆனால் வழியில் ஐந்து வீட்டுத் திண்ணைகளில் நின்று பேச நேர்ந்தது. காரில் போன ஆண்டுகளில் அந்தத் திண்ணைகளில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் பார்த்ததில்லை. குருவும் லேவியரும் வேண்டுமென்றே விலகிப் போனார்கள். நாங்கள் வேகத்தால் விலகிப் போயிருக்கிறோம்.

வருகிற 27-ஆம் தேதி ஞாயிறு, புனித கிறிஸ்டோபர் நினைவையொட்டி நம் பங்கில் வாகனங்களை மந்திரிக்க இருக்கிறோம். வழிப்போக்கர்களின் பாதுகாவலரான அவரது சுரூபத்தைப் பல கார்களில் பார்க்கிறோம். மரபுக் கதையில் அவரிடம் எந்த வாகனமும் இல்லை. ஆற்றைக் கடக்க முடியாதவர்களைத் தம் தோளில் சுமந்து கரை சேர்ப்பது அவர் வேலை. ஒருநாள் அவர் சுமந்த சிறுபிள்ளை கிறிஸ்துவாக இருந்தார். அன்று உங்கள் வண்டிகள்மீது தீர்த்தம் தெளிக்கும்போது விபத்திலிருந்து காக்க வேண்டுமென்று நிச்சயம் மன்றாடுவோம். கூடவே இந்த வண்டி யாரைச் சுமக்கப் போகிறது, எந்த நாளில் வீட்டிலேயே ஓய்வெடுக்கப் போகிறது என்று நீங்களும் ஆண்டவரிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்.

போன ஞாயிறு மறைக்கல்வி முடியும் நேரத்தில் வாசலுக்குப் போய்ப் பார்த்தோம். 11 கார்கள் நின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தவை மூன்று. பாட்டியின் முந்தானை அவர் தோளிலேயே இருந்தது. பேரப்பிள்ளை மெழுகுவர்த்திகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று இருக்கின்றன. அவர்களும் நம்மவர்களே, அவர்களுக்காகவும் செபிப்போம்.

மன்றாடுவோமாக. விண்ணையும் மண்ணையும் படைத்த ஆண்டவரே, எங்கள் கைகளுக்குத் திறனையும் எங்கள் கால்களுக்கு வலுவையும் தந்தவர் நீர். நாங்கள் நேசிக்கும் பொருள்கள் எங்களை ஆளாதபடி காத்தருளும். ஏறிச் செல்லவும், ஏற்றிச் செல்லவும், இறங்கி நடக்கவும் எங்களுக்குக் கற்றுத் தாரும். எங்கள் சாலையோரத்தில் மூச்சுக்குத் தவிக்கும் சிறுவரையும் முதியோரையும் நாங்கள் விலகிச் செல்லாமல் காணும் கண்களைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.